கொரியாவின் விடுதலையை எழுதியவர்கள்

நம்பிக்கை: சியோல் நகரின் விடுதலை வாயில், ஜப்பானிடமிருந்து கொரியா விடுபட்டதன் நினைவுச் சின்னம்.

உண்மை: அந்தக் கல் வாயிலைக் கட்டி முடித்தது 1897இல். கொரியாவை ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொண்டது 1910இல். இந்த இரண்டு ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்தாலே குழப்பம் தீர்ந்துவிடும். சீனப் பேரரசரின் தூதர்களைக் கொரிய அரசர்கள் எதிர்கொண்டு வரவேற்ற பழைய வாயில் ஒன்று அங்கே இருந்தது. அதை இடித்துவிட்டுத்தான் புதியதை எழுப்பினார்கள். பழையதன் இரண்டு கல்தூண்கள் இன்றும் அதன் முன்னால் நிற்கின்றன. அப்போது கொரியா விலகி நின்றது சீனாவிடமிருந்து.

நம்பிக்கை: 1876 வரை கொரியா சீனாவின் மாகாணம்போல இருந்தது, அந்த ஆண்டு ஜப்பான் செய்த ஒப்பந்தமே அதைத் தனிநாடாக்கியது.

உண்மை: இதன் இரண்டு பாதியும் தவறு. கொரியா பெய்ஜிங்குக்குத் திறை அனுப்பியது, சீனப் பேரரசின் நாட்காட்டியைப் பின்பற்றியது, புதிய அரசர் பட்டமேற்றால் அங்கிருந்து ஒப்புதல் பெற்றது. ஆனால் கொரியாவில் வரி வாங்கவோ நீதி சொல்லவோ சீன அதிகாரி எவரும் இல்லை. 1866இல் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் கொரியாவில் கொல்லப்பட்டபோது பிரான்ஸ் பெய்ஜிங்கிடம்தான் கேட்டது. கொரியா தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்கிறது என்று சீன அரசு கைகழுவியது. பொறுப்பை ஏற்க மனமில்லாமல் சொன்ன அந்தப் பதிலை ஜப்பான் பிடித்துக்கொண்டது.

1875 செப்டம்பரில் ஜப்பானின் உன்யோ என்ற போர்க்கப்பல் கங்ஹ்வா தீவை ஒட்டி வந்தது. சியோலுக்குப் போகும் ஹான் நதியின் வாசலைக் காக்கும் தீவு அது. கரையிலிருந்து பீரங்கி சுட்டது. கப்பல் திருப்பிச் சுட்டுக் கோட்டைகளை நொறுக்கியது. அடுத்த பிப்ரவரியில் கப்பல் படையோடு வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதன் முதல் பிரிவு, கொரியா தன்னாட்சி கொண்ட நாடு, ஜப்பானுக்குச் சமமான உரிமை உடையது என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பத்தாவது பிரிவுக்கு வந்தால், கொரியத் துறைமுகத்தில் குற்றம் செய்யும் ஜப்பானியரைக் கொரிய நீதிபதி விசாரிக்க முடியாது. அந்த ஆண்டே சேர்த்த வணிக விதிகளின்படி ஜப்பானியப் பொருளுக்குச் சுங்கமும் கிடையாது.

சுங்க விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1878இல் கொரிய அரசு பூசான் அருகே ஒரு சுங்கச் சாவடி வைத்தது. ஜப்பானியரிடம் அது ஒரு காசு கேட்கவில்லை. ஜப்பானியரோடு வணிகம் செய்த கொரியர்களிடம்தான் வரி வாங்கியது. சொந்தக் குடிகளிடம் வரி வாங்குவதைவிட இறைமைக்கு எளிய அடையாளம் வேறு என்ன இருக்கிறது? அதற்கும் ஜப்பான் போர்க்கப்பலை அனுப்பி மிரட்டியது, சாவடி மூடப்பட்டது. முதல் பிரிவில் கொடுத்த சமத்துவத்தின் அளவு இவ்வளவுதான். சுங்கம் வாங்கும் உரிமை 1883இல்தான் திரும்பி வந்தது.

நம்பிக்கை: 1882இல் அமெரிக்கா கொரியாவைக் காப்பதாக ஒப்பந்தம் செய்து, பிறகு கைவிட்டது.

உண்மை: கைவிட்டது உண்மை. காப்பதாக எழுதிக் கொடுத்தது என்பதுதான் தவறு. மூன்றாம் நாடு அநீதி செய்தால் சமரசத்துக்கு முயல்வோம் என்பதற்கு மேல் அந்த ஒப்பந்தம் எதையும் சொல்லவில்லை. அது உருவான விதம் இன்னும் கவனிக்கத்தக்கது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஷூஃபெல்ட் பேசியது தியான்ஜின் நகரில், சீனப் பெருந்தலைவர் லீ ஹோங்ஷாங்கோடு. கொரியா சீனாவுக்குக் கீழ்ப்பட்டது என்ற வரியை ஒப்பந்தத்திலேயே சேர்க்க லீ முயன்றார், ஷூஃபெல்ட் மறுத்தார். கடைசியில் கொரிய மன்னர் கோஜொங் அமெரிக்க அதிபருக்குத் தனிக் கடிதம் எழுதுவதென்று முடிவானது: நாங்கள் சீனாவுக்குத் திறை செலுத்தும் நாடு, ஆனால் உள்விவகாரமும் வெளிவிவகாரமும் எங்கள் கையில். அதே ஆண்டு அக்டோபரில் சீனா கொரியாவோடு தனி வணிக விதிகளை வகுத்து, இவை திறை நாட்டுக்குக் காட்டும் சலுகை, மற்ற நாடுகள் கேட்க முடியாது என்று முகப்பிலேயே எழுதிக்கொண்டது. ஒரே ஆண்டில் ஒரு தாளில் கொரியா சமமான நாடு, இன்னொரு தாளில் திறை நாடு.

இந்த முரணின் நடுவே ஒரு கொரியர் வாஷிங்டன் போய் இறங்கினார். முதல் தூதர் பாக் ஜொங்யாங். சீனா அவருக்கு மூன்று நிபந்தனை விதித்திருந்தது: முதலில் சீனத் தூதரைப் பார்த்து அவர் துணையோடுதான் வெளியுறவுத் துறைக்குப் போக வேண்டும், விருந்தில் அவருக்குக் கீழேதான் உட்கார வேண்டும், முக்கியமான எதையும் அவரைக் கேட்டே செய்ய வேண்டும். பாக் நேராக வெளியுறவுத் துறைக்குப் போனார். 1888 ஜனவரியில் அதிபர் கிளீவ்லாந்தைச் சீனத் தூதர் துணையில்லாமல் சந்தித்தார். சீனாவின் நெருக்கடியால் அந்த ஆண்டு முடியும் முன்பே அவர் வாஷிங்டனை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. கொரியாவைப் பெரிய நாடுகள் உருட்டிய காய் என்று மட்டுமே எழுதுகிறவர்கள் இவரை விட்டுவிடுகிறார்கள். அது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

1895இல் ஜப்பானோடு நடந்த போரில் தோற்ற சீனா, ஷிமோனோசெகி ஒப்பந்தத்தின் முதல் பிரிவில் கொரியாவின் முழு விடுதலையை ஏற்றது. அந்தப் பேச்சிலும் கொரியா இல்லை.

நம்பிக்கை: 1905இல் மன்னரே நாட்டை எழுதிக் கொடுத்தார்.

உண்மை: கொரியாவின் வெளியுறவை ஜப்பானிடம் ஒப்படைத்த அந்த நவம்பர் 17 ஒப்பந்தத்தில் கோஜொங்கின் கையொப்பம் இல்லை. அரண்மனையைச் சுற்றிப் படை நிற்க, ஜப்பான் அனுப்பிய இட்டோ ஹிரோபுமி அமைச்சர்களை ஒவ்வொருவராகக் கேட்டார். முதலமைச்சர் ஹான் கியூசொல் மறுத்தார். ஐந்து அமைச்சர்கள் இணங்கினார்கள். கொரியர்கள் இன்றும் அவர்களைத் துரோகிகள் என்கிறார்கள். வெளியுறவு அமைச்சர் பாக் ஜேசுன் கையெழுத்திட்டார். சமரசம் செய்வதாக எழுதிய அமெரிக்கா அந்த மாதமே சியோல் தூதரகத்தை மூட முடிவெடுத்தது. 1907இல் கோஜொங் ஹேக் அமைதி மாநாட்டுக்கு மூன்று பேரை ரகசியமாக அனுப்பினார். வெளியுறவு உரிமை இல்லாத நாடு என்று அவர்களுக்கு இடம் தரவில்லை. அதையே காரணமாக்கி ஜப்பான் அவரை அரியணையிலிருந்து இறக்கியது.

1965இல் தென் கொரியாவும் ஜப்பானும் உறவைப் புதுப்பித்தபோது, 1910 ஆகஸ்ட் 22 வரை செய்த அந்தப் பழைய ஒப்பந்தங்கள் செல்லாதவை என்று சேர்ந்து எழுதினார்கள். எப்போதிலிருந்து என்பதில் இன்றும் உடன்பாடில்லை. கொரியக் குடியரசு 1948இல் அமைந்தபோதுதான் செல்லாதவை ஆயின என்கிறது டோக்கியோ. கையெழுத்திட்ட நாளிலிருந்தே செல்லாதவை என்கிறது சியோல். படை சூழ்ந்த அரண்மனையில் மறுத்த முதலமைச்சரை ஒதுக்கிவிட்டு வாங்கிய கையெழுத்தை நினைத்தால், சியோல் சொல்வதே சரி என்பது என் முடிவு.