பேட்டரியைக் குறை சொல்லுமுன்

காசிமேட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுகளின் மின்சார வேலையையே ஜீவனமாகக் கொண்ட எனக்கு, "சார்ஜ் ஏறவில்லை" என்று அழைப்பு வரும்போதெல்லாம், நான் போய்ச் சேருமுன்பே அந்தப் படகில் பேட்டரி மாற்றப்பட்டிருக்கும் என்பது அநேகமாக நிச்சயம். விடியற்காலையில் செல்ஃப் எடுக்காமற் போனால் முதற் சந்தேகம் பேட்டரியின்மேல் விழுவது இயற்கையே. ஆனால் கரையில் ஒரு லாரியை நாலுபேர் தள்ளி ஓடவைத்துவிடுவதுபோல, நடுக்கடலில் ஆறு சிலிண்டர் டீசல் இயந்திரத்தை எவராலும் கையால் சுழற்றி ஓடவைக்க முடியாது. பேட்டரி ஓய்ந்தால் இயந்திரத்தோடு வயர்லெஸ்ஸும், ஜிபிஎஸ்ஸும், இரவில் பிற கப்பல்களுக்கு நம்மைக் காட்டும் விளக்குகளும் சேர்ந்தே ஓய்ந்துவிடும். ஆகையால், எந்தப் பொருளையும் மாற்றுமுன் மல்டிமீட்டரைக் கையிலெடுங்கள் என்று படகுக்காரர் ஒவ்வொருவரையும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இயந்திரம் நின்று சில மணி நேரம் கழிந்தபின், 12 வோல்ட் பேட்டரி ஒன்று முழுமையாக மின்னேறியிருந்தால் 12.6 வோல்ட் அளவில் நிற்கும், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 11.8-க்குக் கீழே இறங்கிவிட்டால் காலி என்றே கொள்ளலாம். பெரிய படகுகளில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக்கியிருப்பார்கள். அவற்றை ஒன்றாக மட்டும் அளந்து திருப்தியடையலாகாது, தனித்தனியே அளக்கவேண்டும். பாட்டுப் பெட்டிக்கோ சிறு விளக்குக்கோ 12 வோல்ட் வேண்டுமென்று யாரேனும் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் கம்பி இழுத்திருந்தால், அது நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வர, மற்றொன்று தன் பங்குக்கு மேல் மின்சாரம் ஏறி, கொதித்து, தண்ணீர் வற்றிப்போகும். இரண்டும் ஒரே நாளில் வாங்கியவைதான். ஒன்று பசியாலும் மற்றொன்று அஜீரணத்தாலும் சாகின்றன. அளந்து பார்க்காதவர்கள் பேட்டரி மட்டமென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். அந்தச் சில்லறை உபகரணங்களுக்கு 24-ஐ 12 ஆக்கித் தரும் கன்வெர்ட்டர் ஒன்றை வைத்துக்கொள்வதே முறை.

இனி இயந்திரத்தை ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் மீண்டும் அளக்கவேண்டும். 12 வோல்ட் அமைப்பில் 13.8-லிருந்து 14.4 வரையிலும், 24 வோல்ட்டில் அதன் இரு மடங்கும் காட்டினால் நல்லது. அளவு சிறிதும் ஏறாவிட்டால், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரின் பெல்ட்டைப் பார்க்கவேண்டும்: இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஆல்டர்னேட்டரின் விசிறியைக் கையால் திருப்பும்போது பெல்ட் நகராமல் புல்லி மட்டும் வழுக்கித் திரும்பினால், அல்லது அதனடியில் கறுப்பு ரப்பர்த் தூள் படிந்திருந்தால், வேறு விசாரணை வேண்டியதில்லை. சாவியைத் திருப்பியதும் எரியவேண்டிய சிவப்பு சார்ஜ் விளக்கு எரியாதிருப்பதையும் அற்பமாக எண்ணிவிடக் கூடாது; ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் அந்தப் பல்பின் வழியாகத்தான் ஆரம்ப மின்சாரம் உள்ளே போகிறது; பல்பு போய்விட்டால் நல்ல ஆல்டர்னேட்டரும் உறங்கிக் கிடக்கும்.

இவையெல்லாம் எளிதில் அகப்படுபவை. ஆல்டர்னேட்டர் சரியாக மின்சாரம் தந்துகொண்டிருக்க, அது பேட்டரியைப் போய்ச் சேராமல் வழியிலேயே விரயமாவதுதான் உப்புக்காற்றில் வாழும் படகுக்கு உரிய விசேஷ வியாதி. ஒரு படகில் டிரைவர், "அண்ணே, பேட்டரி புதுசு, போன மாசந்தான் வாங்கினோம், அதுவும் போச்சு" என்று தலையில் கைவைத்து நின்றார். இயந்திரத்தை ஓடவிட்டு, விளக்குகளையெல்லாம் போடச் சொல்லி அளந்தபோது, ஆல்டர்னேட்டரில் 14.2 வோல்ட், பேட்டரியில் 12.9. இடையில் 1.3 வோல்ட் எங்கே போயிற்று? ஆல்டர்னேட்டரின் பாசிட்டிவ் முனையில் ஒரு கம்பியும் பேட்டரியின் பாசிட்டிவில் மறு கம்பியுமாக மீட்டரை வைத்தேன், இழப்பு 0.1 வோல்ட்தான். ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே வைத்ததும் 1.2 வோல்ட் காட்டிற்று. மின்சாரம் போகும் வழியைப் பலர் பார்க்கிறார்கள்; திரும்பி வரும் வழியைப் பார்ப்பவர் அரியர். மீன்பிடித் தடைக்காலத்தில் ஆல்டர்னேட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, இயந்திரத்துக்கு அக்கறையோடு இரண்டு பூச்சுப் பெயிண்ட் அடித்து, அந்தப் பெயிண்டின் மேலேயே பிராக்கெட்டைப் பொருத்தி முடுக்கியிருந்தார்கள்; போல்ட்டைச் சுற்றித் துருவும் சேர்ந்திருந்தது. இரும்பு தெரியும்வரை சுரண்டித் தேய்த்து, ஆல்டர்னேட்டரின் உடலிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தனியாக ஒரு தடித்த கம்பியும் போட்டபின், அதே பேட்டரியில் 14 வோல்ட் ஏறிற்று. 12 வோல்ட் அமைப்பில் பாசிட்டிவ் பக்கம் 0.3, நெகட்டிவ் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேல் இழப்பிருந்தால் அந்தப் பக்கத்து இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தே தீரவேண்டும். டேப் சுற்றி அழகாயிருக்கும் இணைப்பை நான் நம்புவதில்லை. டேப்புக்குள்தான் ஈரம் தங்கிச் செம்பு பச்சைக் களிம்பாகிறது.

12 வோல்ட் அமைப்பில் அளவு 15 வோல்ட்டைத் தாண்டி ஏறினால் ரெகுலேட்டர் பழுதென்று கொண்டு உடனே கவனிக்கவேண்டும். கொதிக்கும் பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும் தன்மையது. என்ஜின் அறையோ காற்றோட்டமில்லாத இடம். இன்னொன்றும் வற்புறுத்திச் சொல்வேன்: ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று சோதிப்பதற்காக, ஓடும் இயந்திரத்தில் பேட்டரிக் கம்பியைக் கழற்றும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடவேண்டும். டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் அந்தக் கணமே எழும் மின்னழுத்தம் டையோடுகளைப் பொசுக்கிவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாட்கள்தாம் இவ்வேலைக்கு உகந்த காலம். அப்போது நான் கம்பி முனைகளின் லக்குகளையெல்லாம் கழற்றித் தேய்த்து, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியாகப் பார்த்து மாற்றி, முடுக்கியபின் வாசலின் தடவுகிறேன். படகு இறங்கும் நாளில், ஆல்டர்னேட்டரிலும் பேட்டரியிலும் எடுத்த அளவுகளைப் படகின் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டு வருகிறேன். பின்னொரு நாள் டிரைவர் போனில் அன்றைய அளவைச் சொன்னால், இரண்டையும் ஒப்பிட்டு, பெல்ட்டைப் பார்ப்பதா, நெகட்டிவ் கம்பியைப் பார்ப்பதா என்று கரையிலிருந்தே அவருக்குச் சொல்ல முடிகிறது.