பேரம் இல்லாத கடையில் பழைய கார்

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகன் கார்மாக்ஸில் பழைய கார் வாங்கப் போகிறான். பேரமே கிடையாதாம். நம்பி வாங்கலாமா?

பதில்: விலையில் ஏமாற்று இருக்காது. 1993-ல் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் தொடங்கிய நாளிலிருந்து, ஒட்டியிருக்கும் விலைதான் எல்லோருக்கும். ஊருக்குப் புதியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் ஒரே விலை என்றால் குறைந்த விலை என்று அர்த்தமில்லை. அதே மாடல் மற்ற இடங்களில் என்ன விலை என்று பார்த்துவிட்டுப் போகட்டும். கடன் வட்டியிலும் கூடுதல் வாரண்டியிலும் கவனம் தேவை. கிரெடிட் யூனியன் எனும் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் முன்பே கடன் ஒப்புதல் வாங்கி வைத்திருந்தால், கடைக்காரர் சொல்லும் வட்டியோடு ஒப்பிடலாம்.

என் பெரிய கவலை ரீகால். பாதுகாப்புக் குறைபாட்டுக்காகத் தயாரிப்பாளர் திரும்ப அழைத்த காரை, அந்தப் பழுதைச் சரிசெய்யாமலே டீலர் விற்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கவில்லை. 'பரிசோதித்த கார்' என்று விளம்பரம் செய்துவிட்டு இதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று, கார்மாக்ஸ் மீதே அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2016-ல் நடவடிக்கை எடுத்தது. காரின் 17 இலக்க அடையாள எண்ணை (வின்) நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ.வின் தளத்தில் போட்டால் நிலுவையிலுள்ள ரீகால் தெரிந்துவிடும், கட்டணமில்லை.

வாங்கிய காரைத் திருப்பித் தரும் கெடு எத்தனை நாள், எத்தனை மைல் என்பதை எழுத்தில் படித்துவிட்டு, அதற்குள் வெளி மெக்கானிக் ஒருவரிடம் காரைக் கட்டாயம் காட்டச் சொல்லுங்கள்.