முடிச்சைப் பார்க்கச் சொல்

ஸ்ரீராம்புரம்,
பெங்களூரு.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போன வாரம் ராமநகரத்தில் பாறையேறப் போனபோது நடந்ததை அக்கா போனில் சொன்னாள். இடுப்பில் மாட்டும் ஹார்னஸின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன வளையத்தில் ரோப்பைக் கட்டிக்கொண்டு பாறைக்கு முன்னால் போய் நின்றாயாம். கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்களாம். இனி அந்தப் பக்கமே போக மாட்டேன் என்கிறாயாம். அந்த முடிவு தப்பு மாப்ளே. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்தப் பக்க வளையம் காராபினர் கொக்கிகளையும் மற்ற சாமான்களையும் தொங்கவிடுவதற்கு மட்டும்தான். விழும் ஆளைப் பிடித்து நிறுத்த அதனால் ஆகாது. நடுவில் இருக்கும் பிலே லூப் என்ற வளையமோ குறைந்தது 15 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒன்றரை டன் இழுப்பைத் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தரவிதி. ஏறுகிறவன் ரோப்பை அந்த லூப் மாட்டியிருக்கிற அதே இரண்டு கண்ணிகளுக்குள்ளும், இடுப்பில் ஒன்று, கால் பட்டைகளுக்கு நடுவில் ஒன்று, நுழைத்து எட்டு முடிச்சுப் போட வேண்டும். நீ கட்டிய இடம் தப்பு என்பதை ஒருவன் தரையிலேயே பார்த்துவிட்டான். சிரித்தது அவன் குணக்கேடு. ஆனால் பார்த்தானே, அது உன் நல்ல காலம். யாரும் பார்க்காமல் 40 அடி ஏறி, மேலே போய்க் கையை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

லின் ஹில் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிப் படி. உலகத்திலேயே முன்னணியில் இருந்த பாறையேறி. 1989இல் பிரான்ஸில் புவூ என்ற இடத்தில் ரோப்பை ஹார்னஸுக்குள் நுழைத்தார். முடிச்சை முடிப்பதற்குள் பேச்சிலும் ஷூ லேஸிலும் கவனம் போய்விட்டது. மேலே போட்டிருந்த ஜாக்கெட் முடிச்சை மறைத்துவிட்டது. உச்சி வரை ஏறி, இறங்குவதற்காகப் பின்னால் சாய்ந்தபோது ரோப் உருவிக்கொண்டு வந்தது. ஏறத்தாழ 70 அடி விழுந்தார். இடையில் இருந்த மரக்கிளைகள்தான் உயிரைக் காப்பாற்றின. அவர் அதோடு ஒதுங்கிவிடவில்லை. 1993இல் யோசெமிட்டியின் எல் கேப்பிடன் பாறையில் ‘நோஸ்’ என்ற பாதையை, கருவிகளைப் பிடித்துத் தொங்காமல் கைகால் பலத்தாலேயே முதன்முதலில் ஏறி முடித்தவர் அவர்தான். அவ்வளவு கைதேர்ந்தவரின் முடிச்சையே இன்னொரு கண் பார்த்திருக்க வேண்டும்.

நம் தெருப் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் உண்டு. புது இடத்தில், நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவர்கள் நடுவில் நின்றால், சொன்னது புரியாவிட்டாலும் ‘ஓகே, ஓகே’ என்று தலையாட்டிவிடுவார்கள். ஆபீஸில் அதனால் ஒரு நாள் வேலை கெடும், அவ்வளவுதான். பாறையில் அந்தத் தலையாட்டல் ஆளைக் கொல்லும். ‘எனக்குத் தெரியாது, இன்னொரு முறை காட்டுங்கள்’ என்று உரக்கச் சொல். தமிழிலோ கன்னடத்திலோ சொன்னாலும் போதும். ஏறுவதற்கு முன் உன் முடிச்சையும் பக்கிளையும் கூட்டாளி தொட்டுப் பார்க்க வேண்டும். கீழிருந்து ரோப்பைப் பிடித்து உன்னைக் காக்கும் அவன் பிலே கருவியை நீ பார்க்க வேண்டும். கிரிகிரி என்ற பிலே கருவியில் ஏறும் ஆள் உருவமும் கையும் பொறித்திருக்கும். ரோப்பைத் தலைகீழாக மாட்டியிருந்தால் அது பிடிக்காது. ஆகவே தரையில் நின்றபடியே ரோப்பை வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிடுங்கள். காராபினரின் திருகு மூடியிருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பார். 20 கிலோநியூட்டனுக்கு மேல் தாங்குகிற காராபினர், வாய் திறந்திருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் தாங்கும்.

காராபினர் என்றதும் ஞாபகம் வருகிறது. எஸ்.ஜே.பி. ரோட்டு ஹார்டுவேர் கடைகளில் பார்க்க அதேபோல் இருக்கும் கொக்கிகள் மலிவாகக் கிடைக்கும். உடம்பில் கிலோநியூட்டன் அளவும் தர முத்திரையும் பொறிக்காத எதையும் பாறைக்குக் கொண்டுபோகாதே. அங்கே கிடைக்கும் சாதாரணக் கயிறும் வேண்டாம். பாறையேறும் ரோப் நீண்டுகொடுத்து விழுகிற வேகத்தை வாங்கிக்கொள்ளும். நீளாத கயிறு அறுந்துபோகாவிட்டாலும், அந்த அதிர்ச்சி முழுவதும் உன் முதுகெலும்பில் இறங்கும்.

ராமநகரத்துக் கல் பெரிய படிகங்கள் துருத்திக்கொண்டிருக்கிற சொரசொரப்பான கருங்கல். விளிம்பில் உரசினால் ரோப்பின் உறை சீக்கிரம் பிய்ந்துபோகும். ஒவ்வொரு முறையும் கையால் நீவிப் பார்த்துச் சுருட்டு. வீட்டில் யு.பி.எஸ். பேட்டரி இருக்கும் மூலையில் மட்டும் ரோப்பை வைத்துவிடாதே. ஆசிட் பட்ட நைலான் ரோப் வெளிப்பார்வைக்கு அப்படியே இருக்கும், உள்ளே செத்துப்போயிருக்கும்.

இன்னொன்று. டாட் ஸ்கின்னர் என்ற அமெரிக்கர் 2006இல் யோசெமிட்டியில் இறங்கும்போது, தேய்ந்துபோன பிலே லூப் அறுந்து இறந்தார். தேய்ந்திருப்பது அவருக்குத் தெரியும்; புது ஹார்னஸுக்குச் சொல்லியும் வைத்திருந்தார். வருவதற்குள் இன்னும் ஒரு தடவை என்று போனார். உன்னிடம் ஒருவர் தன் பழைய ஹார்னஸைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லியிருப்பதாக அக்கா சொன்னாள். எத்தனை வருடம் வெயிலில் கிடந்தது, எத்தனை முறை விழுந்தவரைத் தாங்கியது என்று யாரும் சொல்ல முடியாது. அதை வாங்காதே. புதிதாக வாங்கப் பணம் குறைந்தால் எனக்குப் போன் பண்ணு, நான் தருகிறேன். அதுவரை கண்டீரவா ஸ்டேடியத்துச் செயற்கைச் சுவரில் பயிற்சியாளர் எதிரிலேயே பழகு. அடுத்த முறை ராமநகரம் போகும்போது ஹெல்மெட்டை வேனை விட்டு இறங்கும்போதே போட்டுக்கொள்.

அன்புடன்,
மாமா