தேங்காய்ச் செருப்பு

அன்புள்ள தம்பிக்கு,

ஆய்வுக்குச் சேர்ந்த முதல் மாதமே இரண்டு கேள்வி கேட்டு எழுதியிருக்கிறாய். மொழியையும் மூளையையும் ஆராய்பவர்களில் யாருடைய வேலைக்குத் தாக்கம் அதிகம்? மேற்கோள்களை வைத்துப் போடும் எச்-இண்டெக்ஸ் மதிப்பெண் எவ்வளவு இருந்தால் வேலை கிடைக்கும்? இரண்டாவதை உன் நெறியாளரிடம் கேட்டுக்கொள். முதல் கேள்விக்கு நான் சொல்லும் பெயர் மார்ட்டா குட்டாஸ்.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் அவரும் ஸ்டீவன் ஹில்யார்டும் செய்த சோதனை 1980இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஏழு சொல் வாக்கியங்களைத் திரையில் ஒவ்வொரு சொல்லாகக் காட்டினார்கள். படிப்பவர் தலையில், மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்ய எலக்ட்ரோடு. சில வாக்கியங்கள் கடைசிச் சொல்லில் வேண்டுமென்றே கோணலாகும். நம் சமையலறையில் சொன்னால், 'அம்மா தோசைக்குத் தேங்காய்ச் செருப்பு அரைத்தாள்' என்கிற மாதிரி (தமிழில் கோணல் கடைசிக்கு முந்தின சொல்லில் விழுகிறது). எதிர்பாராத எதைக் கண்டாலும் எழும் பி300 என்ற நேர் அலை அப்போதே எல்லோருக்கும் தெரியும். இங்கும் அதுதான் வரும் என்று நினைத்தார்கள். வந்ததோ சுமார் 400 மில்லிசெகண்டில் உச்சம் தொடும் எதிர் அலை. எழுத்தை மட்டும் திடீரென்று பெரிதாக்கிக் காட்டினால் நேர் அலையே வந்தது. கண்ணுக்குப் புதிதாக இருப்பது வேறு, அர்த்தம் இடறுவது வேறு என்று மூளையே பிரித்துக் காட்டிவிட்டது. அந்த அலைக்கு என்400 என்று பெயர் நிலைத்தது.

பொருந்தாத சொல்லை மூளை மறுபடி அலசுவதன் அடையாளமாக இது இருக்கலாம் என்று அந்தக் கட்டுரை எழுதியது. அந்த விளக்கம் தாக்குப்பிடிக்கவில்லை. பிழையே இல்லாத வாக்கியத்திலும், ஒரு சொல் எவ்வளவுக்கு எதிர்பாராததோ அவ்வளவுக்கு அலை பெரிதாகிறது என்று 1984இல் அவர்களே காட்டினார்கள். அர்த்தமுள்ள எந்தச் சொல்லுக்கும் அது கொஞ்சமாவது வரும். ஏன் வருகிறது என்று இன்றும் அடித்துக்கொள்கிறோம். ஆனால் யார் செய்து பார்த்தாலும் வருகிறது. சைகை மொழியில் வருகிறது, படங்களுக்கும் வருகிறது. 2011இல் குட்டாஸும் கேரா ஃபெடர்மியரும் எழுதிய மீள்பார்வையின்போதே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இந்த அலையைப் பயன்படுத்தியிருந்தன. தாக்கம் என்று நான் சொல்வது இதைத்தான்: அடுத்தவன் தன் கேள்விக்கு எடுத்தாளக்கூடிய ஓர் அளவுகோலைத் தந்தது.

எடுத்தாண்டவர்களில் எனக்குப் பிடித்தது வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு. 2004இல் ஜூடித் மெக்லாஃப்லின், லீ ஆஸ்டர்ஹௌட், ஆல்பர்ட் கிம் மூவரும், புதிதாகப் பிரெஞ்சு படிக்கச் சேர்ந்த மாணவர்களைச் சோதித்தார்கள். இது உண்மையான பிரெஞ்சுச் சொல்லா, போலியா என்று கேட்டால், பூவா தலையா போட்ட கணக்கில்தான் பதில் சொன்னார்கள். ஆனால் சராசரியாக 14 மணி நேர வகுப்பு முடிந்த நிலையிலேயே அவர்களுடைய என்400 இரண்டையும் பிரித்துவிட்டது! 'இவனுக்கு ஒண்ணும் ஏறலை' என்று மார்க்கைப் பார்த்துச் சொல்லும் வாத்தியார்களுக்கு இதைப் படித்துக்காட்ட ஆசை எனக்கு.

ஆனால் அடக்கிக்கொள்கிறேன், நீயும் அடக்கிக்கொள். அந்த அலை பல பேரை, பல சொற்களைக் கூட்டிச் சராசரி எடுத்தபின் தெரிவது. ஒரு பையன் தலையில் எலக்ட்ரோடு தொப்பியை மாட்டி அவன் படித்தானா என்று சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று கடை போட ஆள் வருவான். பி300 கதை தெரியுமல்லவா? ஆய்வுக்கூடத்தில் பிறந்தது, நம் நாட்டில் குற்றப் புலனாய்வுவரை போனது. 2010இல் செல்வி வழக்கில், சம்மதமில்லாமல் யாருக்கும் பி300 அலையை அளக்கும் சோதனையைச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது. அதுவும் தாக்கம்தான், எந்த எச்-இண்டெக்ஸிலும் ஏறாத தாக்கம்.

இனி நீ தமிழில் செய்யப்போகும் என்400 சோதனை. ஆங்கிலத்தில் கடைசிச் சொல்லில் இடறவைத்ததைப் பார்த்து நீயும் அப்படியே செய்யாதே. நம் கடைசிச் சொல் பெரும்பாலும் வினைமுற்று. காலமும் இடமும் பாலும் அதன் வாலில் தொங்கும். அலை அர்த்தத்துக்கு வந்ததா, விகுதிக்கு வந்ததா, வெறும் நீளத்துக்கா என்று பிறகு பிரிக்க முடியாமல் முழிப்பாய். செருப்பை வினைக்கு முன்னாலேயே வை. சட்டினியும் செருப்பும் எழுத்தெண்ணிக்கையிலும் புழக்கத்திலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதா என்று பார்.

அதற்கும் முன்னால், 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று வாக்கியங்களை அச்சடித்து, சோதனைக்கு வராத வேறு ஆட்களிடம் கொடு. உன் விடுதி நண்பர்கள் மட்டும் போதாது. நீ சட்டினி எதிர்பார்க்கும் இடத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் சம்பல் என்று எழுதுவார். அவர் மூளைக்கு உன் சரியான வாக்கியமே லேசாக இடறும்.

சோதனைக்கு வருபவர்களிடம் முந்தின நாளே சொல்லிவிடு, தலைக்குக் குளித்து எண்ணெய் வைக்காமல் வரச்சொல்லி. தேங்காயெண்ணெய் மினுமினுக்கும் தலையில் எவ்வளவு ஜெல் வைத்தாலும் சிக்னல் ஒழுங்காக வராது.

வாக்கியப் பட்டியல் தயாரானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. சிவப்பு மையோடு காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்