பட்டில் பட்ட கறை

திருமண விருந்தில் பட்டுப் புடவையின்மீது சாம்பார் சிந்திவிட்டால், பலர் உடனே குழாயடிக்கு விரைவார்கள். அங்கிருக்கும் சவர்க்காரக் கட்டியை எடுத்துக் கறையின்மேல் தேய்ப்பார்கள். மஞ்சளாக இருந்த கறை கண்ணெதிரே சிவந்துவிடும். கறை முன்பைவிடப் பெரிதாகிவிட்டதே என்று பதறி, இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள்.

மஞ்சளில் குர்குமின் என்னும் நிறப்பொருள் இருக்கிறது. காரத்தன்மையுள்ள பொருளோடு சேர்ந்தால் அது சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பைக் கலந்ததும் நீர் சிவப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சவர்க்காரக் கட்டியிலும் காரம் உண்டு. புடவையில் நடப்பதும் அதேதான். நல்ல நீரில் அலசிக் காரத்தை நீக்கினால் சிவப்பு மறைந்து, பழைய மஞ்சள் நிறம் திரும்பும்.

ஆகவே, நிறம் மாறுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது காரத்துக்குத்தான். பருத்தி, செடியிலிருந்து கிடைக்கும் இழை. காரத்தை நன்றாகவே தாங்கும். பட்டோ, புழு நூற்ற புரத இழை. நம் தலைமுடியும் ஆட்டுக் கம்பளியும் புரதத்தால் ஆனவையே. காரம் புரதத்தைச் சிதைக்கும். அதனால் பட்டு பளபளப்பை இழக்கும், நாளடைவில் இற்றுப்போகும். குளோரின் கலந்த வெளுப்பான் இன்னும் மோசமானது. அது பட்டைக் கரைத்தே விடும். சில சலவைத் தூள்களில், இரத்தம், பால் போன்ற புரதக் கறைகளைச் சிதைக்கும் நொதிகள் சேர்க்கப்படுகின்றன. பருத்திச் சட்டைக்கு அவை நல்லவை. ஆனால், பட்டுத்துணியில் கறையும் புரதம், துணியும் புரதம். நொதிக்கு வேறுபாடு தெரியுமா?

அப்படியானால் சாம்பார் சிந்தியதும் என்ன செய்வது? முதலில், தேய்க்காதீர்கள். நனைந்த பட்டு வலுக்குறைந்து இருக்கும். தேய்த்தால் இழை பிசிறி, அவ்விடம் வெளுத்துத் தெரியும். வெள்ளைத் துணியாலோ மெல்லிழைத் தாளாலோ ஒற்றியெடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், நீர் படுவதற்கு முன்பே முகப்பவுடரையோ சோளமாவையோ தூவிச் சில மணிநேரம் விட்டுவிடுங்கள். மாவு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு மெதுவாகத் தட்டிவிடலாம். இரத்தக் கறைக்குக் குளிர்ந்த நீரே ஏற்றது. வெந்நீர் பட்டால் முட்டை வேகும்போது இறுகுவதுபோல இரத்தத்திலுள்ள புரதமும் இறுகித் துணியைப் பற்றிக்கொள்ளும்.

எஞ்சியிருக்கும் மஞ்சள் கறைக்குப் பட்டுக்கென்றே விற்கப்படும் நீர்மச் சலவைப்பொருளைப் பயன்படுத்தலாம். அதையும் முதலில் புடவையின் உள்மடிப்பில் ஒரு சொட்டு இட்டு, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். துணியில் சாயம் ஒட்டினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். வெயிலில் குர்குமின் மங்கும் என்பது உண்மை. பருத்தித் துணிக்கு இந்த வழி கைகொடுக்கும். பட்டுக்கு வேண்டாம், கறையோடு சேர்ந்து புடவையின் சாயமும் மங்கிவிடும்.

சரிகை வேலைப்பாடு மிகுந்த புடவையை உலர்சலவைக் கடையில் கொடுப்பதே நல்லது. கொடுக்கும்போது கறை எங்கே இருக்கிறது, எதனால் ஏற்பட்டது, அதன்மேல் ஏற்கெனவே எதைப் பூசினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சாம்பார்க் கறைக்கும் மைக்கறைக்கும் அவர்கள் பயன்படுத்தும் மருந்து வெவ்வேறு.