காசு கொடுத்து ஆன்ட்டிவைரஸ் வாங்க வேண்டுமா?

கேள்வி: வீட்டுக் கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. ஆண்டுச் சந்தா கட்டி ஆன்ட்டிவைரஸ் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?

பதில்: அவசரப்படாதீர்கள். விண்டோஸுடனேயே வரும் டிஃபெண்டர் உங்கள் கணினியில் ஏற்கெனவே காவல் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்பதே என் கருத்து. வேறு வேண்டுமென்றால் விளம்பரத்தை நம்பாமல், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரடிவ்ஸ் சோதனைக்கூடங்கள் வெளியிடும் முடிவுகளைப் பாருங்கள். வைரஸைப் பிடிக்கிறதா என்பதோடு, நல்ல ஃபைலைத் தவறாகப் பிடிக்கிறதா, கணினியை மந்தமாக்குகிறதா என்றும் அவர்கள் சோதிக்கிறார்கள். இரண்டு ஆன்ட்டிவைரஸை ஒன்றாகப் போட்டால் ஒன்றோடொன்று மோதும்.

அப்டேட்டைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகையே உலுக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது! போடாமல் விட்ட கணினிகள்தான் மாட்டின. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரகம் அது. அதனால் குழந்தைகளின் படங்களை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, உடனே கழற்றி வையுங்கள். ஆன்ட்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யச் சொல்லும் கிராக் சாஃப்ட்வேரைத் தொடவே தொடாதீர்கள்.