குற்றாலத்தில் பூரிம்: சத்தம் போட்டுக் கொண்டாடுவது எப்படி?

யூதர்களின் பூரிம் பண்டிகை மாசி, பங்குனி வாக்கில் வரும். சீசன் முடிந்து குற்றாலம் ஓய்ந்து கிடக்கும் நேரம் அது. யூத நண்பர் குடும்பம் உங்களோடு கொண்டாட வருகிறதென்றால், தோப்புப் பக்கம் தள்ளியிருக்கும் வீடாகப் பாருங்கள். சத்தம் இல்லாமல் பூரிம் இல்லை.

முதலில் பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லிவிடுங்கள். பாரசீக மந்திரி ஆமான், யூதர்களை ஒரே நாளில் அழிக்க அரசாணை வாங்குகிறான். அரசி எஸ்தரும் அவளை வளர்த்த மொர்தெகாயும் அதை முறியடிக்கிறார்கள். ஞாயிறு பள்ளிக்குப் போன நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதைதான். பாரசீக அரசன் ஆண்ட 127 நாடுகளை பைபிளின் எஸ்தர் புத்தகம் இந்து தேசத்திலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறது.

பொழுது சாய்ந்ததும் விருந்தினர் தோல்சுருளிலிருந்து அந்தப் புத்தகத்தை வாசிப்பார். ஆமான் பெயர் ஐம்பது தடவைக்கு மேல் வரும். வரும்போதெல்லாம் அந்தப் பெயரே காதில் விழாதபடி இரைச்சல் எழ வேண்டும். பனையோலைக் கிலுகிலுப்பைக்குள் புளியங்கொட்டை போட்டுக் கொடுங்கள். பெரியவர்களுக்குத் தாம்பாளமும் கரண்டியும் போதும். செருப்பின் அடியில் சாக்பீஸால் ஆமான் என்று எழுதித் தரையில் மிதிப்பதும் பழைய வழக்கம். ஆனால் வாசிப்பில் ஒரு சொல்கூடத் தவறக் கூடாது. வாசிப்பவர் கையை உயர்த்தினால் எல்லோரும் கப்சிப் ஆக வேண்டும் என்று முன்பே பேசி வையுங்கள். செத்துப்போக வேண்டியவர்கள் பிழைத்துவந்து சிரிக்கும் சிரிப்பு இது. அதன் கதை முழுசாகக் காதில் விழ வேண்டும்.

வேஷம் கட்டாயமில்லை, ஆனால் கட்டினால்தான் களை. ஒட்டுத்தாடி வைத்த மொர்தெகாய்க்கு ஐந்து வயதாக இருந்தால் இன்னும் நல்லது.

முந்தின பகல் எஸ்தர் நினைவாக உபவாசம் என்பதால் வாசிப்பு முடியும்போது நல்ல பசி இருக்கும். கொண்டைக்கடலைச் சுண்டல் தயாராக இருக்கட்டும். அரண்மனையில் எஸ்தர் பயறு வகைகளையே சாப்பிட்டாள் என்பது மரபு. ஆமான் காது என்னும் பலகாரத்துக்குச் சோமாசி மாவையே வட்டமாகத் தேய்த்து, கசகசாப் பூரணம் வைத்து, மூன்று முனையாக மடித்துப் பொரித்தெடுங்கள். ஜன்னலைச் சாத்திவிட்டுப் பொரியுங்கள், குரங்குகள் காத்திருக்கும். யூத உணவு விதிப்படி நம் பாத்திரத்தில் சமைத்ததைச் சிலர் சாப்பிட மாட்டார்கள்; முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பழங்கள் வாங்கி வையுங்கள்.

மறுநாள் பகலில் இரண்டாம் வாசிப்பு. பிறகு ஒரு நண்பருக்காவது இரண்டு வகைத் தின்பண்டம் அனுப்ப வேண்டும். ஏழைகள் இருவருக்காவது கொடுக்க வேண்டும். விருந்துச் செலவைவிட இதற்கே அதிகம் செலவிடச் சொன்னார் 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிதெஸ். சீசனை நம்பிப் பிழைக்கும் எண்ணெய் மசாஜ்காரர்களுக்கும் நடைபாதை வியாபாரிகளுக்கும் கை வறண்டிருக்கும் மாதம் இது. காலையிலேயே கொடுத்தால் அன்றைய சாப்பாட்டுக்கு உதவும்.

விருந்தைப் பகலிலேயே தொடங்கிவிடுங்கள். பொழுது சாய்ந்தால் பூரிம் முடிந்துவிடும்.